அந்த வசூல் கவரை நான் கையில் வாங்க மாட்டேன்

நம் அலுவலக விழாக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மதியம் உங்கள் ரகசிய வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தீர்கள். இரண்டாவது நிமிடமே ஒரு செய்தி வந்தது: "அக்கா, நீங்கதான் கணக்குப் பிரிவு. பிரைடல் ஷவர் காசை நீங்களே வாங்கி வெச்சுக்கோங்க. யார் கொடுத்தாங்க, யார் கொடுக்கலைன்னு ஒரு ஷீட் போட்டுடுங்க." நம்மோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் நாம் கூடிப் பரிசு கொடுக்கும் விழாவுக்கான காசு அது. அந்தச் செய்திக்குக் கீழே ஏகப்பட்ட பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நானும் தூக்கினேன் என்பதுதான் வெட்கம். பழக்கதோஷம். சாயங்காலம் அதை அழித்துவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை.

குழுவிலேயே பதில் எழுதியிருக்கலாம். எழுதினால் பலூன் எந்த நிறம் என்ற அடுத்த நாற்பது செய்திகளுக்கு அடியில் அது புதைந்துபோகும். அதனால் இந்தத் திறந்த மடல். சாப்பாட்டு அறைப் பலகையில் ஒட்டப்போகிறேன். மணப்பெண்ணும் படிப்பார். ரகசியம் என்னாவது என்று பதற வேண்டாம், அதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன்.

விழா வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரங்களில் ராத்திரி பத்து மணிக்கும் முகம் சுளிக்காமல் எங்களோடு உட்கார்ந்து வவுச்சர் தேடிய பெண் அவர். அவர் கல்யாணத்துக்கு நாம் கூடிச் சிரித்து நாலு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் வேறு யாருக்குச் சொல்லப்போகிறோம்? நான் கேட்பது ஒன்றுதான். இந்த விழாவில் 'வேண்டாம்' என்று சொல்ல எல்லோருக்கும் இடம் வையுங்கள். மணப்பெண்ணுக்கும், காசு கொடுப்பவருக்கும், வந்து உட்காருபவருக்கும். சொந்தக்காரர் வீட்டு விழா பிடிக்கவில்லை என்றால் தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடலாம். இங்கே மறுநாள் காலை அதே நாற்காலிக்கு, அதே முகங்களுக்கு நடுவில்தான் திரும்பி வர வேண்டும்.

பிரைடல் ஷவர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். நெதர்லாந்தில் ஒரு பெண் ஏழை மாவு ஆலைக்காரனைக் காதலித்தாள். தன்னிடம் இருந்ததையெல்லாம் இல்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுத்தே ஏழையானவன் அவன். அவள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, சீர் எதுவும் தர மாட்டேன் என்றுவிட்டார். அவன் கையால் மாவு வாங்கிச் சாப்பிட்ட ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரம் பண்டமாகக் கொண்டுவந்து கொடுத்து அந்த வீட்டை நிறைத்தார்களாம். கதைதான். எவ்வளவு நிஜம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இன்று நாம் அறிந்த வடிவில் ஷவர் பரவியது அமெரிக்க நகரங்களில், 1890கள் வாக்கில். பரிசுகளைக் காகிதக் குடைக்குள் போட்டு மணப்பெண் தலைக்கு மேல் விரித்துக் கொட்டுவார்கள், அதனால்தான் 'மழை' என்று பெயர் வந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அந்த நெதர்லாந்துக் கதை பிடிக்கும். காரணம், அந்த ஊரில் யாரும் எக்செல் தாளில் பெயர் எழுதி டிக் அடித்ததாகக் கதையில் வரவில்லை.

சரி, காசுக்கு வருவோம். எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல வருடங்களுக்கு முன்பு, வேறொரு இடத்தில், இதே வேலையை நான் உற்சாகமாகச் செய்தவள். பழுப்பு நிறக் கவர், அதோடு ஒரு பெயர்ப் பட்டியல். மேசை மேசையாகப் போவேன். "உங்க பேர் மட்டும்தான் பாக்கி" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அது நல்ல உத்தி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தட்டச்சுப் பிரிவில் இருந்த ஒருவர் பர்ஸைத் திறந்தார். உள்ளே இரண்டே நோட்டுகள். ஒன்றை எடுத்துக் கவரில் போட்டார். அது மாதத்தின் கடைசி வாரம். அன்று சாயங்காலம் அவர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்துபோவதை நான் பார்த்தேன். என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்திருந்தால் அவமானம் இன்னும் கூடியிருக்கும். நான் ஒன்றும் செய்யவில்லை. யாருடைய கல்யாணத்துக்காக வசூலித்தோம், என்ன பரிசு வாங்கினோம் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அந்த இரண்டு நோட்டு மட்டும் மறக்கவில்லை.

"யாரும் யாரையும் கட்டாயப்படுத்தலையே அக்கா" என்பீர்கள். உண்மைதான், வாயால் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில கோடுகளைக் காட்டி எது எதற்குச் சமம் என்று கேட்டார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் பதில். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தப்பான பதிலைச் சொன்னார்கள். மாட்டிக்கொண்ட அந்த ஒரு ஆள், கண்ணுக்கு நேராகத் தெரிவதை விட்டுவிட்டு, கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். இப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது அப்படிச் சொன்னார்கள். கோட்டின் நீளத்துக்கே இப்படி என்றால் மேனேஜர் பெயருக்கு நேரே டிக் விழுந்திருக்கும் பட்டியலைப் பார்த்து யார் 'இல்லை' என்பார்? அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. பதிலை வாயால் சொல்லாமல் தனியாக எழுதித் தரலாம் என்றபோது கூட்டத்துக்குப் பணிவது வெகுவாகக் குறைந்தது. கவருக்குப் பதிலாக, பெயர் தெரியாமல் காசு போட ஒரு பெட்டி வைக்கலாம் என்ற என் யோசனை இங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு ஆய்வு. 2017இல் வெளியானது. முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சின்ன உதவியை நேரில் கேட்டால் எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள், மின்னஞ்சலில் கேட்டால் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். நேரில் கேட்பது 34 மடங்கு அதிகம் பலித்தது. கேட்கப் போனவர்களோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்களாம். கேட்பவருக்குத் தன் முகத்தின் கனம் தெரிவதில்லை. நீங்கள் கவரோடு வந்து மேசை ஓரத்தில் நிற்கும்போது "விருப்பம் இருந்தா போடுங்க" என்று எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும், நிற்கிறீர்கள் இல்லையா, அதுதான் கட்டாயம்.

அமெரிக்க நடுவண் அரசு தன் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் நன்னடத்தை விதிகளில், மேலதிகாரிக்குப் பரிசு வாங்கச் சக ஊழியர்களிடம் காசு கேட்பதைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பொதுவாகக் கூடாது. கல்யாணம் மாதிரி எப்போதோ வரும் நிகழ்ச்சிக்கு விலக்கு உண்டு, ஆனால் தொகை சின்னதாக, மனமுவந்து தருவதாக இருக்க வேண்டும். 'மனமுவந்து' என்றால் என்ன என்றும் சொல்லியிருக்கிறார்கள்: எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு தரலாம் என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதைவிடக் குறைத்தும் தரலாம், தராமலும் இருக்கலாம் என்பதைக் கேட்கும்போதே சொல்லியாக வேண்டும். நம் அலுவலகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் அந்தக் கடைசி வரியை அப்படியே கடன் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். உங்கள் குழுவில் வந்த அறிவிப்பில் ஒரு தொகை இருந்தது, பக்கத்தில் 'குறைந்தபட்சம்' என்றும் இருந்தது. அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்காத பயிற்சியாளர்கள் இரண்டு பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

ஆக, ஷீட் போட மாட்டேன். கவரும் சுற்றாது. ஒரு பெட்டி வைக்கிறேன். விவரம் கடைசியில்.

இப்போது ரகசியம்.

நான் புதன்கிழமையே மணப்பெண்ணிடம் கேட்டுவிட்டேன். திட்டுங்கள். ஆனால் கேளுங்கள். "உனக்கு ஒரு விழா வைக்கலாம்னு எல்லாரும் பேசிக்கிறாங்க, உனக்குச் சம்மதமா?" என்றேன். அவர் சிரித்தார். "போன வாரமே தெரியும் அக்கா. நான் பக்கத்துல வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல போனைக் கவுத்து வெக்கிறாங்க. ஒருவேளை என்னை வேலையை விட்டு அனுப்பப்போறாங்களோன்னு ரெண்டு நாள் தூங்கலை" என்றார்.

இரண்டு நாள்! கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது. திடீர் மகிழ்ச்சி தரப்போகிறோம் என்று நாம் குசுகுசுத்ததை அவர் ஆட்குறைப்பு என்று படித்திருக்கிறார். வேலையிடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் மனசு அந்தப் பக்கம்தான் போகும்.

திடீர் விழாவில் சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எங்கள் பிரிவில் போன வருடம் ஒருவருக்குப் பிறந்தநாளுக்கு அப்படிச் செய்தபோது அவர் அழுதே விட்டார், ஆனந்தக் கண்ணீர்தான். ஆனால் கல்யாணம் பிறந்தநாள் மாதிரி வருடா வருடம் அதே தேதியில் வருவதில்லை, அதற்குப் பின்னால் எது இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவது கல்யாணமாக இருக்கலாம், அதைப் பற்றிப் பேச விருப்பம் இல்லாமல் இருக்கலாம். தேதி தள்ளிப்போகும் நிலையில் இருக்கலாம். சிலருக்குக் கூட்டத்துக்கு நடுவில் நின்றாலே கை நடுங்கும். அப்படிப்பட்டவரை மீட்டிங் என்று சொல்லிக் கூட்டிப்போய், கதவைத் திறந்ததும் முப்பது பேர் கத்தினால் அவர் சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வார், எல்லோரும் போன் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே. நேரம், இடம், யார் யார் என்பதை அவர் முடிவு செய்யட்டும். அலங்காரம், வாழ்த்து, பரிசு இவற்றில் ஆச்சரியம் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு இடம் இருக்கிறது.

அவர் சொன்ன பதில்கள் இவை, அவர் அனுமதியோடு எழுதுகிறேன். விழா சந்தோஷம். வேலை நேரத்திலேயே, முக்கால் மணிக்குள். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வேண்டாம், அந்த வாரம் அவர் பொறுப்புகளை ஒப்படைக்கும் வாரம், தலைக்கு மேல் வேலை இருக்கும். வீடியோ வேண்டாம், படம் எடுக்கலாம், ஆனால் எங்கும் போடுவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். பரிசு பைக்குள் அடங்க வேண்டும். அப்புறம், "விளையாட்டு மட்டும் வேண்டாம் அக்கா, ப்ளீஸ்."

விளையாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் குழுவில் சுற்றிய பட்டியலைப் பார்த்தேன். 'மணமகனைப் பற்றி மணப்பெண்ணுக்கு எவ்வளவு தெரியும்' என்பது முதல் விளையாட்டு. கழிப்பறைக் காகிதத்தில் கல்யாண உடை தைப்பது இரண்டாவது. மூன்றாவது, நான்காவதை இங்கே எழுத என் கை கூசுகிறது. தோழிகள் மட்டும் கூடும் வீட்டில் அதெல்லாம் கலகலப்பாக இருக்கும். இங்கே அவருடைய டீம் லீடர் அந்த அறையில் இருப்பார். அடுத்த மாதம் அவரோடு சம்பள உயர்வு பேச வேண்டிய ஆள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் வேலையிட வன்முறை, தொல்லை பற்றி 190ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தபோது, வேலை தொடர்பான சமூக நிகழ்ச்சிகளையும் சேர்த்தே எழுதினார்கள். மேசையில் அலங்காரத் துணி விரித்துவிட்டதால் அந்த அறை வேலையிடம் இல்லை என்று ஆகிவிடாது. முதலிரவு ஜோக்கை அடிப்பவர் மறந்துவிடுவார், கேட்டவர் வருடக்கணக்கில் அந்த ஆளோடு லிஃப்டில் போக வேண்டும்.

ஜோக்கைவிட எனக்குப் பயம் கேள்விகள்தான். "அப்புறம் எப்போ நல்ல சேதி?" "வேலையை விட்டுடுவியா?" "அவருக்கு மாற்றல் வந்தா நீயும் போயிடுவியா?" அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் அவர் என்ன பதில் சொன்னாலும் அது மேனேஜர் காதில் விழுகிறது. "இப்போதைக்கு இல்லை" என்றாலும் "பார்க்கலாம்" என்றாலும், ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய பொறுப்பை யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசும்போது, "அவங்க போயிடுவாங்கன்னு சொன்னாங்களே" என்று யாரோ ஒருவர் நினைவாகச் சொல்வார். அப்படிச் சொல்லப்பட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் கெட்டவரும் இல்லை. கல்யாணம் ஆகும் ஆண்களிடம் இந்த மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதே அறையில் வேறு சிலரும் இருப்பார்கள். விவாகரத்து வழக்குக்கு மாதாமாதம் லீவு போட்டுப் போகிறவர். போன வருடம் கணவரை இழந்தவர். நிச்சயமான கல்யாணம் நின்றுபோனவர். "கல்யாண வாழ்க்கைக்கு ஆளுக்கொரு அறிவுரை சொல்லுங்க" என்று வட்டமாகச் சுற்றிவரும்போது அவர்கள் முறை வரும். ஆளுக்கு ஆள் வாய் திறக்க வேண்டிய எதையும் வைக்காதீர்கள். அட்டை வையுங்கள், எழுத விரும்புபவர்கள் எழுதட்டும். வாழ்த்து அட்டையில் எழுதுவதும் மணப்பெண்ணைப் பற்றி இருந்தால் நல்லது. 'இனிய இல்லறம் அமைய வாழ்த்துகள்' என்று முப்பது பேர் எழுதிய அட்டையை யாரும் இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பதில்லை. 'அன்னைக்கு சர்வர் விழுந்தப்போ நீ மட்டும் பதறாம இருந்தியே' என்று ஒருவர் எழுதினால் அது பத்து வருடம் அலமாரியில் இருக்கும்.

பரிசு. இதில் அதிகம் பேச எனக்கு ஆசை இல்லை, கணக்குக்காரி என்பதால் ஒன்று மட்டும். 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர், பண்டிகைக்கு வந்த பரிசுகளுக்கு வாங்கியவர்கள் மனதில் என்ன மதிப்பு என்று மாணவர்களிடம் கேட்டுக் கணக்குப் போட்டார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வழியிலேயே கரைந்துபோயிருந்தது. மனதுக்கு நெருங்கியவர்கள் தந்ததில் கரைவது குறைவு, தூரத்துச் சொந்தங்கள் தந்ததில் கூடுதல். சக ஊழியர்கள் நாம் எந்தப் பக்கம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லை பழையது என்பதால்தான் 1924லேயே சிகாகோவில் ஒரு பெரிய அங்காடி, மணப்பெண்ணே வேண்டியதை எழுதிவைக்கும் பதிவேட்டைத் தொடங்கியது. நூறு வருடம் ஆன யோசனை. 'இது வேண்டும்' என்று அவர் சொன்னால் அதை வாங்கலாம், சொல்லக் கூச்சப்பட்டால் பரிசு அட்டையாகக் கொடுத்துவிடலாம். எல்லோரும் சேர்ந்து ஒன்று. தனித்தனியாக வேண்டாம். தனித்தனி என்றால் யாருடையது பெரியது என்று வரும், எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்க்கச் சொல்வீர்கள், ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தில் ஒரு புது ஆச்சரியத்தைக் கொண்டுவர வேண்டும். பாவம் அவர். முன்பு ஒரு விழாவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகிறவர். அது மூன்று மாதம் ஸ்டோர் ரூமில் நின்றது, பிறகு வரவேற்பறைச் சுவரில் ஏறியது. இப்போது அதில் வாடிக்கையாளர்கள் தலை வாரிக்கொள்கிறார்கள்.

யாரைக் கூப்பிடுவது? ஷவருக்குக் கூப்பிட்டவரைக் கல்யாணத்துக்கும் கூப்பிட வேண்டும் என்பது மேலைநாட்டு நாகரிக வழக்கில் பழைய விதி. அதற்கு அவர்களே வைத்திருக்கும் விலக்கு அலுவலக ஷவர். இதை அழைப்பிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்: இது நம் அலுவலக விழா, கல்யாண அழைப்போடு இதற்குச் சம்பந்தமில்லை என்று. இல்லாவிட்டால் காசு போட்ட ஐம்பது பேரையும் அழைக்க வேண்டுமோ என்று அவர் தவிப்பார். அழைக்கப்படாதவர்களுக்கும் மனத்தாங்கல் வரும்.

யாருக்கு விழா என்பது இன்னும் கசப்பான கேள்வி. நம் மாடியைத் துடைக்கும் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்குப் போன வருடம் கல்யாணம் ஆனது. பத்து நாள் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது "உடம்பு சரியில்லையா?" என்று நான் கேட்டேன். "கல்யாணம் அக்கா" என்றார். நம்மில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு முந்தின மாதம்தான் நம் பிரிவில் ஒருவரின் விழாவுக்கு அறையைத் துடைத்து, நாற்காலி போட்டு, முடிந்ததும் ஒட்டின காகிதங்களையெல்லாம் சுரண்டி எடுத்தவர் அவர். கிடங்குப் பிரிவில் ஒரு தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது கைகுலுக்கலோடு முடித்துக்கொண்டோம், ஆண் என்பதால். செல்லப்பிள்ளைக்கு மண்டபம் மாதிரி அலங்காரம், பேசாமல் இருப்பவருக்கு ஒரு 'கங்கிராட்ஸ்' என்றால் இதைப் பார்ப்பவர்கள் மனதில் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில், சின்னதாக வைக்கலாம். அந்தத் துடைக்கும் பெண்ணுக்குத் தாமதமாகவாவது ஒரு அட்டை எழுத வேண்டும், அதை நான் தனியாக ஆரம்பித்துவிட்டேன், கையெழுத்துப் போட வாருங்கள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இணைப்பு அனுப்புங்கள், ஆனால் முக்கால் மணி நேரமும் சுவரில் அவர்கள் முகத்தைத் தொங்கவிடாமல், முதல் பத்து நிமிடம் பேசிவிட்டு அனுப்பிவிடுங்கள். இரவு ஷிப்ட் பாதுகாவலரையும் கூப்பிட வேண்டும் என்று மணப்பெண் தனியாகக் கேட்டுக்கொண்டார், மழை நாளில் அவருக்கு வண்டி பிடித்துக் கொடுத்தவராம். அவர் வர வேண்டுமென்றால் நேரம் மாலை ஐந்துக்கு மேல் தள்ளும். பரவாயில்லை, அவர் வந்த பிறகும் நம் வேலை நேரம் முடிய முக்கால் மணி இருக்கிறது, அதற்குள் வைத்துக்கொள்வோம். சாப்பிட வைப்பதில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே கேளுங்கள். மேனேஜர் பேச்சு இரண்டு நிமிடம், அதை அவரிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வேண்டாம். மீந்த அலங்காரத்தைக் கழற்ற நான்கு பேர் பெயர் இப்போதே வேண்டும், துடைக்கும் பெண் பெயர் அதில் வராது.

ஒருவேளை கல்யாணம் தள்ளிப்போனால், அல்லது நின்றால்? வாய் வைக்காதே என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நடக்கிறதுதானே. அப்போது பரிசைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவராகத் திருப்பித் தர வந்தால் வாங்கிப் பெட்டியில் போட்டுவைப்பேன். வராவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும். காசு கொடுத்தவர் பட்டியல் இல்லாததில் இதுவும் ஒரு வசதி, யாருக்குத் திருப்ப வேண்டும் என்று கேட்கவே முடியாது.

பெட்டி கணக்குப் பிரிவுக்கு வெளியே, தண்ணீர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்து அலமாரி மேல் இருக்கும். என் மேசைக்கு எதிரே வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன், அப்புறம் அங்கே நான் உட்கார்ந்திருப்பேனே என்று மாற்றிவிட்டேன். பக்கத்திலேயே ஒரே மாதிரி வெள்ளைக் கவர்கள் ஒரு கட்டு இருக்கும். காசு வைத்தோ வைக்காமலோ ஒட்டிப் போடலாம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். பெயர் எழுதாதீர்கள். எழுதினால் கிழித்துவிடுவேன். போனில் காசு அனுப்பினால் பெயர் தெரிந்துவிடும், அதனால் அந்த வழி இந்த முறை இல்லை, தொந்தரவுதான், ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மாலை வரை பெட்டி இருக்கும். வெள்ளி காலை ஒன்பதரைக்கு உங்களில் ஒருவர் வாருங்கள், இரண்டு பேருமாகச் சேர்ந்து எண்ணுவோம். வந்தது எவ்வளவோ அதற்குள் பரிசு. பற்றாக்குறை என்று யாரும் இரண்டாவது முறை செய்தி அனுப்ப வேண்டாம். வாழ்த்து அட்டையும் அதே அலமாரி மேல்தான், பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

பலூன் நிறம் அவருக்கு எதுவானாலும் சரியாம். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவிலிருந்து,
உங்கள் அக்கா